ரோவெல் ஏன் கலகம் செய்தான்?

எங்கள் விளையாட்டில் உள்நாட்டுப் போர் வரப்போகிறது என்று முடிவானபோது, அதற்கு ஒரு காரணம் வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை, ஓ யுன்சில் அக்கா ஒருத்தியைத் தவிர.

சியோலை ஒட்டிய பாங்யோவில், கண்ணாடிக் கட்டடங்கள் ஒன்றின் முகத்தில் ஒன்று தலைவாரிக்கொள்ளும் தெருவில் எங்கள் கம்பெனி இருக்கிறது. பத்து வருடமாக ஓடும் ஒரே விளையாட்டை வைத்துப் பிழைக்கிறோம். வெர்தான் என்று ஒரு கற்பனை நாடு. சியோலிலிருந்தும் பூசானிலிருந்தும் ஊர் பேர் தெரியாத தீவுகளிலிருந்தும் ஆட்கள் கணினி வழியாக அங்கே வருவார்கள். குதிரை ஏறுவார்கள், அரக்கர்களை வேட்டையாடுவார்கள், கூட்டம் சேர்த்துக் கோட்டை பிடிப்பார்கள். அக்கா அந்த நாட்டுக்குக் கதை எழுதுகிறவள். நான், தாக் போராம், நிலம் அமைக்கிறவள். மலை, ஆறு, வயல், பாலம் எல்லாம் என் கைவேலை. எங்கள் இருவருக்கும் பக்கத்துப் பக்கத்து மேஜை. அவள் எழுதுவது எதுவானாலும் முதலில் என் காதில்தான் விழும், நான் கேட்டாலும் கேட்காவிட்டாலும்.

"கேளு போராம்," என்று ஒருநாள் மதியம் சூப்புக் கடையில் சோற்றைக் கரண்டியால் கிளறிக்கொண்டே ஆரம்பித்தாள். "ராஜா செத்துட்டான். பையன் சின்னவன். அவன் பேர்ல அம்மாக்காரி இசேன் ஆட்சி பண்றா. அவகிட்ட படை இருக்கு, ஆனா படைக்குப் போடச் சோறு இல்ல. அரிசி தெற்குப் பிரபுக்கள்கிட்ட இருக்கு. அவனுங்க என்ன கேப்பானுங்க?"

"தண்ணி கேப்பாங்க."

"அதேதான். நாரு ஆத்துல ஒன்பது கண் மதகு இருக்கு பாரு, நீ கட்டினியே. அதுதான் வடக்குக்குத் தண்ணி விடறது. அதை மூடிட்டு மொத்தத்தையும் தெற்கு வாய்க்காலுக்குத் திருப்பி விட்டுடறா. வேற வழி இல்ல அவளுக்கு. தெற்கு கைவிட்டா மறுநாளே பையன் தலை உருளும். இப்போ வடக்குல ஆறு காயுது. அங்க கோமகன் ரோவெல், செத்த ராஜாவோட தம்பி. மொதல்ல மனு போடறான், தூது அனுப்பறான். நடக்கல. அவனோட படைத்தலைவனுங்க வந்து, 'நீ கிளம்பறியா, இல்ல உன்னை இறக்கிட்டு வேற ஆளை ஏத்திக்கட்டுமா?'ன்னு கேக்கறானுங்க. அவனுக்கும் சிம்மாசனத்து மேல ஒரு கண்ணு இல்லாம இல்ல. கிளம்பிடறான்."

"அப்போ அவன் நல்லவனா கெட்டவனா அக்கா?"

கரண்டியைக் கீழே வைத்துவிட்டு என்னை முறைத்தாள். "நீயுமா?"

இந்தக் கதையை அவள் வடக்குப் படைத்தலைவர்களின் பேச்சாக, அரசியின் அவைக் காட்சிகளாக, சந்தையில் கிழவிகள் புலம்பும் வசனமாக, வாய்க்கால் காவலன் பாடும் வசைப்பாட்டாக எழுதி முடிக்க ஒன்றரை வருடம் பிடித்தது. இயக்குநர் கூக் சாங்மோ ஒரு மதியத்தில் அதை முடித்துவைத்தார்.

கூக் சார் கெட்டவர் இல்லை. டிசம்பர் குளிரிலும் ஐஸ் போட்ட காப்பியை உறிஞ்சிக்கொண்டு, எல்லாரிடமும் சிரித்துப் பேசுவார். அவருக்கு ஒரே ஒரு நம்பிக்கை: மனிதன் எதையும் படிக்க மாட்டான்.

"தண்ணியா?" என்றார். "தண்ணிக்காக எவனாவது சண்டை போடுவானா? சொல்லுங்க யுன்சில். கறுப்புக் கவசம் வாங்கி, ஓநாய் மேல ஏறி, வாய்க்கால் தண்ணிக்காக?"

"உலகத்துல பாதிச் சண்டை அதுக்குத்தான் சார் நடக்குது."

"அது உலகம். இது விளையாட்டு. ரோவெல் ஏன் கலகம் பண்றான்? ஒரு வரியில சொல்லுங்க."

"ஒரு வரியில வராது சார்."

"அப்போ அது காரணம் இல்ல. வம்பு." கூக் சார் பலகையில் தானே எழுதினார்: *அண்ணன் மகனின் கிரீடத்தைப் பறிக்க வந்த துரோகி.* கொஞ்சம் தள்ளி நின்று ரசித்தார். "இது வரி."

அந்த வரியோடு போர் வெளியானது. அக்கா எழுதிய அவைக் காட்சிகள் எல்லாம் வெட்டுப்பட்டன. மிச்சமிருந்தது ரோவெல் ஒரு குன்றின் மேல் நின்று பேசும் ஒரு பேச்சு மட்டும். அதையும் பெரும்பாலானோர் தாண்டிக் குதிக்கும் பொத்தானை அழுத்திக் கடந்தார்கள்.

கூத்து அதற்குப் பிறகுதான். ஆட்டக்காரர்கள் எந்தப் பக்கம் சேர்வது என்று அவர்களே தேர்ந்தெடுக்கலாம். துரோகி என்று பலகையில் எழுதி ஒட்டினாலும், முக்கால்வாசிப் பேர் ரோவெல் பக்கம் போய் நின்றார்கள். காரணம் எளிது. அவன் பக்கம் கறுப்புக் கவசம், ஓநாய் வாகனம். அரசி பக்கம் வெள்ளைக் கவசம், குதிரை. குதிரை ஏற்கெனவே எல்லாரிடமும் இருந்தது.

ஒரு பக்கம் ஆள் நிறைந்து மறுபக்கம் காலியானால் போர் நடக்காது. கூக் சார் அக்காவைக் கூப்பிட்டார். "ரோவெல இன்னும் கெட்டவனாக்குங்க. ஊரைக் கொளுத்தட்டும்."

"யாரோட ஊரை சார்? எதுக்கு?"

"ஏதோ ஒரு ஊரை. வியாழக்கிழமைக்குள்ள வேணும்."

வியாழக்கிழமைதான் எங்கள் விளையாட்டைக் கொஞ்ச நேரம் நிறுத்திப் புதுச் சரக்கு ஏற்றும் நாள். அந்த வியாழன் ரோவெல் ஓர் ஊரைக் கொளுத்தினான். ஊர் எரியும் காட்சி பார்க்க அழகாக இருந்ததால் அவன் பக்கம் இன்னும் கொஞ்சம் பேர் சேர்ந்தார்கள். அடுத்த வியாழன் அரசி நல்லவளானாள், அனாதைகளுக்கு அப்பம் கொடுத்தாள். வெள்ளைக் கவசத்துக்கு விலை குறைத்தார்கள். கூட்டம் சடாரென்று அங்கே சாய்ந்தது. "போச்சு, ரொம்ப நல்லவளாயிட்டா," என்றார் கூக் சார்; அதற்கடுத்த வியாழன் அரசி தன் கணவனுக்கு விஷம் வைத்தவள் ஆனாள். ரோவெல் அண்ணன் சாவுக்குப் பழிவாங்க வந்த உத்தமன் ஆனான். அவன் கொளுத்திய ஊரைப் பற்றி யாரும் பேசவில்லை. நான்தான் போய்ச் சாம்பலை அள்ளிவிட்டு அங்கே புல் நட்டேன்.

அக்காவுக்கு எரிச்சல் வந்தால் குரல் உயராது, இறங்கும். அந்த வாரங்களில் அவள் என்ன சொல்கிறாள் என்று கேட்க நான் நாற்காலியை நெருக்கிப் போட வேண்டியிருந்தது.

"தலை எண்ணி நியாயம் எழுதறேன் போராம். இந்தப் பக்கம் நூறு பேர் குறைஞ்சா இவனுக்கு நூறு கிராம் நியாயம். கசாப்புக் கடைத் தராசு கெட்டது."

"யாரும் படிக்கறதில்லையே அக்கா. விடுங்களேன்."

"அதான்டீ எரியுது."

அதில் அவள் தப்பாக நினைத்திருந்தாள். நானும்தான். படித்துக்கொண்டிருந்தார்கள்.

ஒரு செவ்வாய்க்கிழமை காலை அலுவலகத்துக்கு வந்தால் வாசலில் ஒரு லாரி. அதன் முதுகில் பெரிய மின்திரை. எங்கள் ஊரில் ஆட்டக்காரர்களுக்குக் கோபம் வந்தால் கல்லெறிய மாட்டார்கள். காசு திரட்டி இப்படி ஒரு லாரியை வாடகைக்கு எடுத்துக் கம்பெனி வாசலில் நிறுத்துவார்கள். மற்ற கம்பெனிக்காரர்கள் காப்பிக் கோப்பையோடு நின்று வேடிக்கை பார்ப்பார்கள். எங்களுக்கு மானம் போகும். திரையில் எழுத்து ஓடியது:

*ரோவெல் ஏன் கலகம் செய்தான்? வியாழனுக்கு ஒரு காரணம் சொல்லாதே! இறந்துபோன எங்கள் வீரர்களுக்குப் பதில் சொல்!*

கீழே இரண்டு கூட்டங்களின் பெயர். ஒன்று ரோவெல் பக்கத்துப் பெரிய கூட்டம், இன்னொன்று அரசி பக்கத்துப் பெரிய கூட்டம். விளையாட்டுக்குள் ஒருவரையொருவர் வெட்டிக்கொண்டிருந்தவர்கள் வெளியே சேர்ந்து லாரி பிடித்திருந்தார்கள்.

அக்கா அந்தத் திரைக்கு எதிரே நடைபாதையில் நின்று முழுதாக இரண்டு சுற்றுப் படித்தாள். ஜிங்கோ மரத்திலிருந்து இலை விழுந்து அவள் தலையில் ஒட்டிக்கொண்டிருந்தது. சிரிக்கிறாளா அழப்போகிறாளா என்று எனக்குப் புரியவில்லை.

"ஒருத்தராவது படிச்சிருக்காங்க பாரேன்," என்றாள்.

லாரி மறுநாளும் வந்தது, அதற்கடுத்த நாளும் வந்தது. பத்திரிகைக்காரர்கள் வந்ததும் கம்பெனி இறங்கிவந்தது. இரண்டு கூட்டத்தின் ஆட்களையும் கீழ்த்தளக் கூடத்துக்கு அழைத்துப் பேசுவது, அதை நேரலையில் காட்டுவது என்று ஏற்பாடு. கூக் சார் அக்காவிடம் சொன்னார்: "நீங்க பக்கத்துல உக்காருங்க. சிரிங்க. எது கேட்டாலும் 'பரிசீலிக்கிறோம்'னு சொல்லுங்க. வேற எதுவும் சொல்லாதீங்க."

கூடத்தில் இரண்டு வரிசை நாற்காலி. ஒவ்வொருவர் முன்னாலும் பெயர்ப்பலகை, விளையாட்டில் அவர்கள் வைத்திருக்கும் பெயர்தான். ரோவெல் பக்கத் தலைவர் 'கிம்ச்சி ஜாடி'. தேஜோனில் பியானோ வகுப்பு நடத்தும், ஐம்பதைத் தாண்டிய அம்மாள். முத்துத் தோடு, நேராக நிமிர்ந்த முதுகு. அரசி பக்கத் தலைவர் 'தூங்குமூஞ்சிக் கரடி'. இஞ்சோனில் பல் டாக்டர், டை கட்டி வந்திருந்தார். நிகழ்ச்சியை நடத்திய பெண் முகத்தில் ஒரு சிரிப்பும் இல்லாமல், "அடுத்து தூங்குமூஞ்சிக் கரடி ஐயா பேசுவார்," என்றாள்.

டாக்டர் எழுந்தார். "எங்க பக்கத்துல ஒரு பையன் இருக்கான். அரசிக்காகச் சபதம் எடுத்து, ரெண்டு மாசம் மதில் காவல் காத்தான். போன வியாழன் நீங்க அவளை விஷம் வெச்சவளாக்கிட்டீங்க. நாங்க யாருக்காகக் காவல் இருந்தோம்?"

"பரிசீலிக்கிறோம்," என்றார் கூக் சார்.

பியானோ அம்மாள் எழுந்திருக்கவில்லை. உட்கார்ந்தபடியே கேட்டாள்: "நான் ஒண்ணு கேக்கறேன். ஒன்பது கண் மதகுகிட்ட ஒரு காவலன் நிக்கறான். அவன்கிட்ட பேசினா ஒரு வசைப்பாட்டு பாடறான். 'ஒன்பது கண்ணும் குருடு, ராணிக்கு மட்டும் பார்வை'ன்னு. அது எதுக்கு? அவன் எதைப் பத்திப் பாடறான்?"

வெட்டி எறிந்ததில் அந்த ஒரு காவலன் மட்டும் தப்பியிருந்தான். அவனை நீக்க மறந்துவிட்டார்கள். கூக் சார் அக்காவைப் பார்த்தார், உதட்டை அசைக்காமல் 'பரிசீலிக்கிறோம்' என்று கண்ணால் சொன்னார்.

அக்கா ஒலிவாங்கியை இழுத்தாள்.

"தண்ணியைப் பத்திப் பாடறான்மா," என்றாள். அப்புறம் அவள் நிறுத்தவில்லை. சூப்புக் கடையில் எனக்குச் சொன்ன கதையை, அந்த அரிசியை, தெற்குப் பிரபுக்களை, மனுப்போட்டுத் தோற்ற ரோவெலை, பிள்ளையின் தலைக்குப் பயந்த இசேனை, எல்லாவற்றையும் சொன்னாள். குரல் தாழ்ந்துகொண்டே போனது. கூடத்தில் ஆட்கள் முன்னால் சாய்ந்து கேட்டார்கள்.

ரோவெல் பக்கத்தில் ஓர் ஆள் கையைத் தூக்கினான். "அப்போ ரோவெலுக்குச் சிம்மாசன ஆசை இல்லதானே?"

"இருக்கு."

"அரசி எங்களை வஞ்சிச்சாளா இல்லியா?"

"வஞ்சிச்சா. அவளுக்கு வேற வழி இல்ல."

"அப்ப யாரு நல்லவங்க?"

"ஐயோ!" என்று அக்கா மேஜையில் கையை அடித்தாள். அது நாடு முழுக்க நேரலையில் போனது. "ரெண்டு வருஷமா எல்லாரும் இதையே கேக்கறீங்க! தண்ணி ஒண்ணு, தாகம் ரெண்டு. இதுல நல்லவன் எங்க இருந்து வருவான்? பயந்தவங்க இருக்காங்க, ஆசைப்பட்டவங்க இருக்காங்க. ரெண்டும் ஒரே ஆளாவும் இருக்காங்க. அவ்வளவுதான்!"

டாக்டர் தன் டையைத் தளர்த்திக்கொண்டார். பியானோ அம்மாள் அவர் பக்கம் திரும்பி, "டாக்டர், அப்ப நாம மதகுக்காக அடிச்சிக்கலியே. ஒருத்தர் தலையை ஒருத்தர் வெட்டிக்கிட்டு இருந்தோம். மதகு அங்கேயே மூடிக் கெடக்கு," என்றாள்.

"ஆமா டீச்சர்," என்றார் டாக்டர்.

அன்று சாயங்காலமே போர் நின்றது.

யாரும் அறிவிக்கவில்லை. கறுப்புக் கவசக்காரர்களும் வெள்ளைக் கவசக்காரர்களும் ஓநாயையும் குதிரையையும் விட்டு இறங்கி, காய்ந்த ஆற்று மணலில் நடந்து வந்து மதகின் முன்னால் உட்கார்ந்தார்கள். விளையாட்டில் உட்காருவதற்கு ஒரு பொத்தான் உண்டு. பத்து வருடமாக யாரும் அதை இவ்வளவு பயன்படுத்தியதில்லை. ஆயிரக்கணக்கில் உட்கார்ந்தார்கள். தலைக்கு மேல் ஒரே வாசகம்: *மதகைத் திற.*

கூக் சார் அக்காவின் மேஜைக்கே வந்துவிட்டார். கையில் காப்பிகூட இல்லை.

"என்னம்மா பண்ணி வெச்சிருக்கீங்க? போர்னு சொல்லி வித்தோம். ஒருத்தனும் வாள் வாங்கல. எல்லாம் உக்காந்திருக்கானுங்க!"

"காரணம் கேட்டாங்க சார். சொன்னேன்."

"காரணம் எதுக்குச் சொல்றது? சண்டை போடறதுக்கு! நீங்க சொன்ன காரணத்துல சண்டை நின்னு போச்சு. அப்படி ஒரு காரணமா எழுதுவீங்க?" மூச்சு வாங்கிக்கொண்டார். "வியாழக்கிழமை பையன் ராஜாவை வடக்கத்தியான் ஒருத்தன் குத்திக் கொல்றான். எழுதுங்க."

"மாட்டேன் சார்."

"மாட்டேன்னா?"

"எழுத மாட்டேன். அந்தக் குழந்தையைக் கொல்றதுக்கு அங்க ஒருத்தனுக்கும் காரணம் இல்ல. இங்க உங்களுக்குத்தான் இருக்கு."

நான் திரையை உற்றுப் பார்ப்பது போல நடித்துக்கொண்டிருந்தேன். கூக் சார் கத்துவார் என்று நினைத்தேன். கத்தவில்லை. "சரி, நானே எழுதறேன்," என்று போய்விட்டார். எழுதியும்விட்டார். பிற்பகல் முழுக்க இரண்டு விரலால் தட்டித் தட்டி எழுதினார். வசனம் எழுதுவது எவ்வளவு கஷ்டம் என்று நடுவில் ஒருதரம் தலையைப் பிடித்துக்கொண்டதை நான் பார்த்தேன்.

வியாழக்கிழமை குட்டி ராஜா செத்தான். அவனைக் குத்தியவன், "இது வடக்கின் பரிசு!" என்று கத்திக்கொண்டே கோபுரத்திலிருந்து குதித்தான்.

உட்கார்ந்திருந்தவர்கள் அதைப் பார்த்தார்கள். கொஞ்ச நேரத்தில் மணலில் சிரிப்புக் குறிகள் பொங்கின. 'இது கம்பெனியின் பரிசு' என்று ஒருவன் எழுதினான். எல்லாரும் அதையே திருப்பி எழுதினார்கள். பிறகு கறுப்பும் வெள்ளையும் கலந்து வரிசை கட்டி, பையன் ராஜாவுக்கு ஓர் இறுதி ஊர்வலம் நடத்தினார்கள். ஊர்வலம் அரண்மனையில் புறப்பட்டு மதகில் வந்து முடிந்தது. மறுபடி உட்கார்ந்தார்கள்.

வெள்ளிக்கிழமை வாசலில் லாரி மறுபடி நின்றது. இந்த முறை திரையில் இரண்டே சொல்: *மதகைத் திற.*

கூக் சார் ஜன்னலோரம் நெடுநேரம் நின்றார். பிறகு எங்களிடம் வந்து, தோற்றுப்போன மனிதனின் மரியாதையோடு கேட்டார்: "திறக்கறதுக்கு எவ்வளவு நாளாகும்?"

மதகைத் திறப்பது எனக்கு லேசான வேலை. தண்ணீர் ஓடுவது போலக் காட்டினால் போதும். அக்கா விடவில்லை.

"தண்ணி எங்கிருந்து வரும்?"

"எங்கிருந்தாவது வரட்டுமே அக்கா."

"அது இல்ல. வடக்குக்குப் போற தண்ணி தெற்குல கொறையணும். ஒரு கண்ணு திறந்தா அங்க ஒரு பங்கு வயல் வெளுக்கணும். ஒன்பதும் திறந்தா தெற்கு காயணும். எத்தனை கண்ணு திறக்கறதுங்கறது அவங்க கையில இருக்கட்டும். இல்லாட்டி நாம திறக்கறது மதகு இல்ல, ஃபோட்டோ."

"வேலை மூணு மடங்கு."

"நூடுல்ஸ் வாங்கித் தரேன்."

கறுப்பு சாஸ் நூடுல்ஸ், ஊறுகாய் முள்ளங்கியோடு, மேஜையிலேயே வைத்துத் தின்றபடி அந்த வேலையை முடித்தோம். மதகின் ஒவ்வொரு கண்ணுக்கும் ஒரு சக்கரம். யார் வேண்டுமானாலும் சுற்றலாம். அக்கா சொன்னபடியே.

திறந்த அன்று கம்பெனியே எங்கள் பின்னால் கூடிநின்றது. முதல் சக்கரத்தைப் பியானோ அம்மாளும் டாக்டரும் சேர்ந்து சுற்றினார்கள். கண் திறந்து தண்ணீர் மணலில் நாக்கை நீட்டியது. உட்கார்ந்திருந்தவர்கள் எழுந்தார்கள். ஒவ்வொருவராகத் தண்ணீரோடு கூடவே வடக்கே நடக்க ஆரம்பித்தார்கள். அதன் வேகத்துக்கு மேல் ஒருவரும் போகவில்லை. வறண்ட கிணற்றடியில் நான் எப்போதோ வைத்து மறந்த தவளைகள் கத்தின. அக்கா என் தோளைப் பிடித்து அழுத்தினாள். தோள் வலித்தது. கூக் சார் எல்லாருக்கும் பொரித்த கோழி வரவழைத்தார். "அந்தத் தவளை நல்லாருக்கு," என்றார் என்னிடம்.

இங்கேயே கதையை நிறுத்தினால் எனக்கு நல்லது. நடந்தது அப்படி இல்லை.

ஐந்து கண் வடக்குக்குத் திறந்திருக்கும், நான்கு மூடியிருக்கும் என்று இரண்டு கூட்டமும் பேசி வைத்திருந்தார்கள். வடக்கில் பயிர் பச்சையானது. பச்சையானதும் இன்னும் கொஞ்சம் பச்சையாக இருக்கலாமே என்று யாரோ ஆறாவது சக்கரத்தைச் சுற்றிவிட்டான். தெற்கே ஒரு வரிசை வயல் வெளுத்தது. தெற்குக்காரர்கள், அதாவது அரசி பக்கத்தார், வந்து இரண்டை மூடினார்கள். யார் முதலில் சுற்றியது என்று சச்சரவு. பியானோ அம்மாள், தங்கள் ஆள் இல்லை என்றாள். டாக்டர், தங்கள் ஆளுக்கு அந்தப் பழக்கமே இல்லை என்றார். அதற்குள் மதகுக்கு எந்தக் கூட்டத்தின் பெயர் வைப்பது என்று வேறு ஒரு தகராறு.

பிறகு பொதுப் பேச்சுத்திரையில் இருவரும் நேராகவே இறங்கினார்கள்.

"பல்லைப் பிடுங்கறவனை நம்பினேன் பாருங்க, மதகையும் பிடுங்கிட்டான்!"

"டீச்சர், உங்க பியானோல கறுப்புக் கட்டை மட்டும்தான் வேலை செய்யுதா? வெள்ளைக் கட்டையும் கொஞ்சம் தொடுங்க."

"வாயைக் கழுவிட்டு வாங்க டாக்டர். எங்க தண்ணிலயே கழுவுங்க!"

"உங்க தண்ணியா? இதோ பாருங்க மக்களே, 'உங்க தண்ணி'யாம்!"

அன்று பிற்பகல் போர் மூண்டது. முன்னால் நடந்ததெல்லாம் போரே இல்லை என்று அப்போதுதான் தெரிந்தது. கவசத்தின் அழகைப் பார்த்துச் சேர்ந்த கூட்டம் இல்லை இது. ஒவ்வொருவனுக்கும் ஒரு வயல், ஒரு சக்கரம், ஒரு அவமானம் இருந்தது. முறை வைத்துக் காவல் காத்தார்கள். உளவு அனுப்பினார்கள். அலுவலகத்திலிருந்து கைப்பேசியில் நுழைந்து சக்கரத்தைத் தொட்டுப் பார்த்துவிட்டுப் போனார்கள். வாள் விற்றது, கவசம் விற்றது, ஓநாய்க்குத் தீனி விற்றது. கூக் சார் ஐஸ் காப்பியோடு வந்தார், முகமெல்லாம் பல்.

"யுன்சில்! தண்ணிக்காக அடிச்சிக்கறானுங்க! நான்தான் அன்னைக்கே சொன்னேனே?"

அக்கா அவரை நிமிர்ந்து பார்த்தாள். அந்தப் பார்வைக்கு எங்கள் மொழியில் சொல் இல்லை.

"விளம்பரத்துக்கு வேணும். இப்ப நடக்கற போருக்கு என்ன காரணம்? ஒரு வரியில எழுதிக் குடுங்க, சாப்பாட்டு நேரத்துக்குள்ள."

"எனக்குத் தெரியாது சார்."

"உங்களுக்குத் தெரியாம எப்படி?"

"நான் எழுதலியே. அவங்களைப் போய்க் கேளுங்க."

அவர் போனதும் அவள் நாற்காலியைத் திரைப்பக்கம் திருப்பினாள். பிறகு, "கேட்டுத்தான் பாப்போமே," என்று தன் கணினியில் விளையாட்டைத் திறந்தாள். பத்து வருடம் அந்த நாட்டுக்குக் கதை எழுதியவளுக்கு அங்கே இருந்தது ஒரு நோஞ்சான் துறவி வேஷம். அதன் பெயர் 'எழுத்துப்பிழை'. ஆயுதம் கிடையாது, கையில் ஒரு விளக்கு. நான் கடற்பாசியில் சோறு சுருட்டிய கிம்பாப் பொட்டலத்தைப் பிரித்துக்கொண்டே பார்த்தேன். எழுத்துப்பிழை தள்ளாடித் தள்ளாடி மதகுக்குப் போய்ச் சேர்ந்தது. நாலாவது சக்கரத்தின் பக்கத்தில் கறுப்புக் கவசக்காரன் ஒருவன் நின்றான்.

அக்கா தட்டினாள்: *வணக்கம். நீங்கள் ஏன் சண்டை போடுகிறீர்கள் என்று தெரிந்துகொள்ளலாமா?*

அவன் ஒரே வெட்டாக வெட்டினான்.

எழுத்துப்பிழை குப்புற விழுந்தது. அதன் தலைக்கு மேலேயே அவனும் வெள்ளைக் கவசக்காரன் ஒருவனும் வாதாட ஆரம்பித்தார்கள். "ரோவெல் அன்னைக்கே சொன்னான், தெற்கத்தியான் வாக்கு, தண்ணில எழுதின எழுத்துன்னு," என்றான் கறுப்புக் கவசம்.

"அவன் அப்படிச் சொல்லவே இல்லடா!" என்று அக்கா திரையைப் பார்த்துக் கத்தினாள். நாலு மேஜை தள்ளி ஆட்கள் திரும்பினார்கள். வேகவேகமாகத் தட்டினாள். எழுத்து ஒன்றும் வரவில்லை. எங்கள் விளையாட்டில் செத்தவர் பேச முடியாது. "யாருடி இந்த விதியைப் போட்டது?"

"தெரியல அக்கா. முதல் வருஷத்துலேருந்தே இருக்கு."

"ரோவெல் அப்படியெல்லாம் பழமொழி பேசற ஆளே இல்ல. என் கதையைப் படிச்சவனா இருந்தா இப்படி..." மேஜையில் நெற்றியை வைத்துக்கொண்டாள். நான் அவள் பக்கம் ஒரு கிம்பாப் துண்டைத் தள்ளினேன். தலையைத் தூக்காமலே எடுத்துத் தின்றாள்.

அப்போது தெற்குப் பக்கத்து வெள்ளை அங்கி போட்ட ஒருத்தி குதிரையில் வந்தாள். வாதாடிக்கொண்டிருந்தவர்களைச் சுற்றிக்கொண்டு வந்து, எழுத்துப்பிழையின் மேல் கைவைத்து உயிர் கொடுத்தாள். எழுத்துப்பிழை எழுந்து உட்கார்ந்து இருமியது.

*யார் பக்கம் நீ?* என்று கேட்டாள் அந்தப் பெண்.

அக்கா விரலை அப்படியே வைத்துக்கொண்டு யோசித்தாள். பிறகு தட்டினாள்: *தெற்கு.*

"தெற்கா?" என்றேன் நான். "ஏன் அக்கா?"

"அவதானே எழுப்பிவிட்டா," என்றாள். எழுத்துப்பிழை விளக்கைத் தூக்கிக்கொண்டு நாலாவது சக்கரத்தைப் பார்த்து ஓட ஆரம்பித்தது.